ராத்திரி எங்க தங்குவாங்க: சேலத்துல ஒரு டி அண்ட் டி டேபிளுக்கு பெரிய புக் எடுத்த கதை

எங்க முதல் பெரிய கேம்பெய்ன், அதாவது பல நாள் தொடர்ந்து ஆடற ஒரே கதை, 9வது செஷனோட நின்னு போச்சு. நிறுத்திக்கலாம்னு யாரும் வாய் விட்டு சொல்லல. ஞாயித்துக்கிழமை யார்லாம் வர்றீங்கன்னு குரூப்ல கேட்டேன், ரெண்டு பேர் வர்றோம்னாங்க, மூணு பேர் முடியாதுன்னாங்க, அடுத்த வாரமும் அதே, அதுக்கடுத்த வாரம் தீபாவளி, அப்புறம் நான் கேக்கறதையே விட்டுட்டேன். மேப்பு எல்லாம் பிரிண்ட் எடுத்து பீரோ மேல வச்சது வச்சபடியே கிடந்துச்சு. அஞ்சு பேருமே விளையாட ஆசைப்பட்டவங்க, சண்டை சச்சரவு எதுவும் இல்ல, எடுத்த புக்கும் நல்ல புக்கு. அப்புறம் ஏன் நின்னுச்சு? அதை நோண்டிப் பாத்ததும், அதுக்கப்புறம் ரெண்டாவது புக்கை எப்படி எடுத்தோம்ங்கறதும்தான் இந்த ஆய்வு. ஈரோடு நாமக்கல் பக்கமெல்லாம் இப்ப புதுசா டேபிள் போடறவங்க, அதாவது ஆட ஆள் சேக்கறவங்க, இருக்காங்க, அவங்களுக்கு ஒரு வருஷமாவது மிச்சமாகணும்னு நெனச்சுதான் எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டி அண்ட் டிங்கற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல வந்த விளையாட்டு, ஆளுக்கு ஒரு கேரக்டர், டிஎம்னு ஒருத்தர் உலகத்தை நடத்துவாரு, டைஸ் உருட்டி என்ன நடக்குதுன்னு பாக்கணும், ஆட ஆட கேரக்டரோட பலம் லெவல் லெவலா ஏறும். கதையை டிஎம்மே சொந்தமா எழுதலாம், இல்லன்னா 200, 250 பக்கத்துல மேப்பு, ஆளுங்க, பூதங்க எல்லாம் போட்டு ரெடியா விக்கிற புக்கை வாங்கி நடத்தலாம். நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், ஜூலைலயும் செப்டம்பர்லயும் தலை நிமிர முடியாது, சொந்தமா எழுதறதெல்லாம் ஆகாத காரியம். அதனால புக்குதான்.

டேபிள்ல யாரு

அம்மாபேட்டையில தறி ஓட்டற அண்ணன், அவருக்கு ஃபைட்டர், அதாவது சண்டை வீரன். குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கற அக்கா, காயம் ஆத்தற பூசாரியான கிளெரிக். இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கற தம்பி, மந்திரவாதியான விஸார்ட். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வச்சிருக்கவரு, பதுங்கித் திருடற ரோக். அப்புறம் என் மாப்ள, ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேலை, காட்டு வழி தெரிஞ்ச ரேஞ்சர். அவன் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து திரும்ப ஏறணும், மழை நாள்ல பனி இறங்கிருச்சுன்னா பைக்ல முன்னாடி என்ன வருதுன்னே தெரியாது, அதனால ராத்திரி எட்டரைக்கு மேல ஒரு நிமிஷம் உக்கார வைக்க எனக்கு மனசு வராது. அஸ்தம்பட்டில எங்க வீட்டு மாடி, சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பம், நடுவுல தட்டுவடை செட்டு, எட்டரைக்கு முடிவு. இதுதான் ஏற்பாடு.

சல்ட் காட்டுல நடந்தது

முதல்ல நாங்க எடுத்தது டூம் ஆஃப் அனைஹிலேஷன், 2017ல வந்தது, 1ம் லெவல்ல ஆரம்பிச்சு 11 வரைக்கும் போகும். சல்ட்ங்கற பெரிய காட்டு நாடு, நடுவுல எங்கயோ ஒரு கல்லறை. செத்துப் பொழச்சவங்க எல்லாரையும் ஒரு சாபம் உருக்கிக்கிட்டிருக்கு, நம்மள வேலைக்கு அனுப்பற அம்மாவுக்கும் அதே சாபம், ஒவ்வொரு நாளும் அவங்களோட மேக்ஸிமம் ஹிட் பாயின்ட், அதாவது உயிர்க் கணக்கு, ஒண்ணு ஒண்ணா குறையும்.

ஆரம்பம் பிரமாதம். போர்ட் நியான்சாருங்கற துறைமுக ஊர்ல டைனோசர் ரேஸ் நடக்கும், கொலுசுப் பட்டறைக்காரர் பந்தயம் கட்டி கத்துன கத்துல கீழ் வீட்டுக்காரங்க மேல வந்து பாத்தாங்க. மூணு செஷன் ஊருக்குள்ளயே ஓடுச்சு. நாலாவதுல காட்டுக்குள்ள போனோம்.

காட்டோட கணக்கு இப்படி. மேப்பு முழுக்க அறுகோணக் கட்டம், ஒரு கட்டம் 10 மைல், நடந்து போனா சாதாரணமா ஒரு நாளைக்கு ஒரு கட்டம். தினமும் வழி பாக்கற ஆளு சர்வைவல்னு காட்டுல சமாளிக்கற திறமைக்கு டைஸ் உருட்டணும், அடர்ந்த காட்டுல 15 வேணும், வரலன்னா பக்கத்துல இருக்க ஆறு கட்டத்துல எதுலயோ போய் நிப்பாங்க. காலையில மதியம் ராத்திரின்னு நாளைக்கு மூணு தடவ டிஎம் டி20ங்கற இருபது பக்க டைஸை உருட்டி 16 இல்ல அதுக்கு மேல வந்தா ஏதாவது ஒண்ணு எதிர்ல வரும். தண்ணி, சாப்பாடு, கொசு, எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. ஒரே ஆளுங்க வாரா வாரம் வந்து உக்காந்தா இது அருமையான விளையாட்டு, நான் மனசாரத்தான் சொல்றேன்.

எங்களுக்கு என்ன ஆச்சுன்னா, ஆறாவது செஷனுக்கு மாப்ள வரல, எஸ்டேட்ல வேலை வந்துருச்சு. வழி பாக்கற ரேஞ்சரே அவன்தான். அவன் கேரக்டரை நான் ஓட்டினேன், உருட்டினேன், வழி தப்புச்சு. அடுத்த தடவ அவன் வந்தான், தம்பிக்கு பரீட்சை. இப்ப விஸார்ட் எங்க? நட்டநடு காட்டுல ஒருத்தனை எங்க விட்டுட்டு வர்றது? பின்னாடியே நடந்து வர்றான்னு வச்சுக்கிட்டோம், சண்டை வந்தப்ப அவன் ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை, போடலாமா கூடாதான்னு அரை மணி நேரம் போச்சு. எட்டாவதுக்கு நடுவுல அஞ்சு வாரம் இடைவெளி விழுந்துருச்சு, உக்காந்த உடனே தறி அண்ணன் கேட்டாரு, "ஏப்பா, படகை எங்க கட்டுனோம்?" யாருக்கும் ஞாபகம் இல்ல. என் நோட்டுலயும் இல்ல. அந்த அம்மாவுக்கு தினம் ஒரு பாயின்ட் குறைஞ்சுக்கிட்டே இருக்கு, நாங்க படகைத் தேடிக்கிட்டு இருக்கோம். அன்னிக்கு எல்லார் மூஞ்சியும் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, யாருக்கும் கோவம் இல்ல, சும்மா களைச்சுப் போயிருந்தாங்க.

நோட்டு சொன்னது

நின்னு போன பிறகு ஒரு நாள் பழைய மெசேஜ் எல்லாம் தோண்டி யார் எப்ப வந்தாங்க எப்ப வரலன்னு தேதி போட்டு எழுதினேன். ஆபீஸ்ல தினமும் பண்ற வேலைதானே, இங்க பண்ண தோணல பாருங்க. எங்களுக்கு மாசம் ரெண்டு ஞாயிறுன்னு பேச்சு, அதுல கிட்டத்தட்ட பாதி தள்ளிப் போயிருக்கு, நடந்த 9ல அஞ்சு பேரும் முழுசா உக்காந்தது 3 தடவதான். அந்த மூணும் ஆரம்பத்துல ஊருக்குள்ள ஓடுன மூணு செஷன்.

யார் மேலயும் தப்பு இல்ல. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் எஸ்டேட்ல பறிப்பு, மே மாசம் கோடை விழா கூட்டம், அப்ப மாப்ள மலையை விட்டு இறங்கவே முடியாது. தீபாவளி பொங்கலுக்கு முன்னாடி தறி ராப்பகலா ஓடும். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, சேலத்துல எவன் வீட்லயும் ஆள் இருக்காது, இல்லன்னா வீடு நிறைய சொந்தக்காரங்க இருப்பாங்க. கல்யாண சீசன் வந்தா கொலுசுப் பட்டறை. அக்காவுக்கு டூட்டி சார்ட் மாசாமாசம் மாறும், தம்பிக்கு செமஸ்டர். இதையெல்லாம் ஒரு காலண்டர்ல கலர் கலரா அடிச்சுப் பாத்தா எல்லாருக்கும் ஒண்ணா வெள்ளையா இருக்கறது பிப்ரவரியும் மார்ச்சுல கொஞ்சமும் மட்டும்தான், மார்ச்சுல எனக்கே வருஷக் கணக்கு.

அப்புறம் நீளத்தை கணக்கு போட்டேன். நாலரை மணி நேர செஷன், எங்க வேகத்துக்கு ஒரு லெவல் ஏற மூணு செஷனாவது ஆகும், 10 லெவல் ஏறணும்னா 30 செஷன். எங்களுக்கு நிஜமா நடக்கறது வருஷத்துக்கு 12, 13. அப்ப ரெண்டரை வருஷம். ரெண்டரை வருஷத்துல ஒருத்தர் கூட மாறாம அஞ்சு பேரும் இருப்போமா? தம்பி படிப்பை முடிச்சு வேலைக்குப் போயிருவான், அது இப்பவே தெரியும்.

இதை தறி அண்ணன் கிட்ட காட்டினேன். அவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு சொன்னாரு, "பாவு ஓட்டறதுக்கு முன்னாடி எத்தன இழை, எவ்வளவு நீளம்னு பாக்காம யாராவது தறியில ஏத்துவாங்களாப்பா? அறுந்துக்கிட்டேதான் இருக்கும். ஒட்டி ஒட்டி கையே வலிச்சுப் போயிரும்." எனக்கு அதோட விஷயம் தெளிவாயிருச்சு. கதை நல்லாருக்கா, பேரு வாங்குன புக்கான்னு பாத்தேனே ஒழிய, எட்டரைக்கு மாப்ள பைக் சாவியை எடுக்கறப்ப கதைக்குள்ள கேரக்டரெல்லாம் எங்க நிக்கறாங்கன்னு நான் பாக்கவே இல்ல. ராத்திரி அவங்க எங்க தங்குவாங்க? ஊர்லயா, நடுக் காட்டுலயா? ஊர்லன்னா ஒருத்தர் வரலன்னாலும் அந்தாளு ஊர்ல இருக்காருன்னு சொல்லிட்டு ஆட்டத்தை ஆரம்பிச்சிரலாம். காட்டுலன்னா முடியாது. இந்த ஒரே கேள்வியை வச்சுதான் அடுத்த புக்கை தேடினேன்.

பாத்த புக்குங்க

எல்லாரும் கேட்டது கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட். 2016ல வந்தது, 1ல இருந்து 10ம் லெவல், 1983ல வந்த பழைய ரேவன்லாஃப்ட் கதையை விரிச்சு எழுதினது. பரோவியான்னு மூடுபனி சூழ்ந்த ஒரு நாடு, அதை ஆளற ரத்தக்காட்டேரி ஸ்ட்ராட், உள்ள போனவங்க அவன் சாகற வரைக்கும் வெளிய வர முடியாது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சீட்டு பாக்கற இடம், ஒரு கிழவி அஞ்சு சீட்டு எடுப்பா, ஸ்ட்ராட்டை ஜெயிக்க வேண்டிய மூணு பொருள் எங்க இருக்கு, யார் துணைக்கு வருவாங்க, கடைசியா அவனை எங்க சந்திப்போம் எல்லாமே அந்த சீட்டுல முடிவாகும், அதனால ஒவ்வொரு டேபிளுக்கும் கதை வேற வேற. ஏற்காட்டுல டிசம்பர் பனில ஜன்னலை திறந்து வச்சு இதை நடத்தணும்னு மாப்ளைக்கு கொள்ளை ஆசை.

முன்கூட்டியே எல்லார்கிட்டயும் எது வேணும் எது வேண்டாம்னு கேட்டுடறது, அதை செஷன் ஜீரோம்பாங்க, அதுக்குன்னு ஒரு நாள் உக்காந்தோம். இதுல ஒரு பழைய காத்தாலை இருக்கு, அங்க சூனியக்காரிங்க குழந்தைங்களை பிடிச்சு வச்சு பலகாரத்துல சேக்கற மாதிரி வரும்னு கதையை கெடுக்காம பொதுவா சொன்னேன். அக்கா டீ கிளாஸை கீழ வச்சாங்க. "தம்பி, பேய் பிசாசு எதுன்னாலும் சரி, குழந்தைய வச்சு மட்டும் வேண்டாம். வார்டுல பாத்துட்டு வர்றது போதும்." அதுக்கு மேல யாரும் எதுவும் பேசல, பேசவும் தேவையில்ல. அந்த காத்தாலையை மட்டும் எடுத்துட்டு நடத்தலாம்தான், ஆனா அந்த புக் முழுக்கவே அந்த வாடை இருக்கு, எடுத்துட்டே போனா மிச்சம் என்ன இருக்கும்? ராத்திரி எங்க தங்குவாங்கன்னு கேட்டாலும் பரோவியாவுல நிம்மதியா தூங்கற இடம் கம்மி, நிம்மதியே இருக்கக் கூடாதுங்கறதுதான் அந்த புக்கோட பலம். தள்ளி வச்சோம்.

ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர் பாத்தேன், ராட்சசங்க கதை, நடுவுல ஒரு அத்தியாயம் வடக்கு தேசம் முழுக்க எங்க வேணா சுத்தலாம்னு திறந்து விட்டுடும், மறுபடி நாங்க படகைத் தொலைச்ச கதைதான் ஆகும். டஞ்சன் ஆஃப் த மேட் மேஜ் 2018ல வந்தது, ஒரு சாராயக்கடை கிணத்துக்குள்ள இறங்கினா கீழ கீழன்னு 23 தளம், நம்ம கேள்விக்கு சரியான பதில், ஆனா 5ம் லெவல்ல ஆரம்பிச்சு 20 வரைக்கும் போகுது. எங்க வேகத்துக்கு என் பொண்ணு காலேஜ் போயிருவா. டேல்ஸ் ஃப்ரம் த யானிங் போர்ட்டல்ல தனித்தனியா ஏழு பழைய டஞ்சன், அதாவது பூதமும் பொறியும் நிறைஞ்ச பாதாள அறைங்க, இருக்கு, ஒண்ணை முடிச்சா ஒண்ணுன்னு நிறுத்தி நிறுத்தி ஆடலாம், இது கடைசி வரைக்கும் லிஸ்ட்ல இருந்துச்சு, ஆனா கொலுசுப் பட்டறைக்காரருக்கு ஒரே ஊரு ஒரே ஆளுங்கன்னு பழகிப் பழகி ஆடணும், அவருக்கு அதுதான் விளையாட்டே.

கடைசியா வந்தது அபாமினேஷன் வால்ட்ஸ். இது டி அண்ட் டி மாதிரியே இருக்கற பாத்ஃபைண்டர்ங்கற விளையாட்டுக்கு 2021ல மூணு பாகமா வந்தது, 2022ல டி அண்ட் டி 5ம் பதிப்பு விதிக்கும் மாத்தி ஒரே புக்காவும் போட்டாங்க, அதனால நாங்க புதுசா விதி படிக்க வேண்டிய வேலை இல்ல. ஒட்டாரின்னு கடலோரமா ஒரு சின்ன ஊரு, மரம் வெட்டி அனுப்பற ஊரு. பக்கத்து சதுப்பு நிலத்துல காண்ட்லைட்னு ஒரு பாழடைஞ்ச கலங்கரை விளக்கம், அதுல இருந்து திடீர்னு வெளிச்சம் வர ஆரம்பிக்குது. அதுக்கு கீழ தளம் தளமா டஞ்சன், மொத்தம் 10. காலையில நடந்து போய் சாயங்காலம் திரும்பி வந்துரலாம். அந்த வரியை படிச்ச உடனே எனக்கு நிம்மதி ஆச்சு.

ட்ரையல்

படிச்சு பிடிச்சா மட்டும் போதாதுன்னு இந்த தடவ ரெண்டு ஞாயிறு செலவழிச்சு யானிங் போர்ட்டல்ல ஒண்ணையும் காண்ட்லைட் முதல் தளத்தையும் ரெடிமேட் கேரக்டர் வச்சு ஓட்டிப் பாத்தோம். இதை எல்லா டேபிளும் பண்ணணும்னு நான் கெஞ்சியே கேப்பேன், ரெண்டு வருஷ வேலையை ஒப்புக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஒண்ணுமே இல்ல. நான் பாத்தது யார் ஜெயிச்சாங்கன்னு இல்ல, யார் எப்ப முன்னாடி சாய்ஞ்சு உக்காந்தாங்க, எப்ப போனை எடுத்தாங்கன்னு.

காண்ட்லைட் முதல் தளத்துல மிட்ஃப்ளிட்னு நீலத்தோல் குட்டிப் பசங்க இருப்பாங்க, தங்களைத் தாங்களே மட்டமா நெனச்சுக்கற ஜாதி, பூச்சி புழுவோட சிநேகம். அவங்க தலைவனை வெட்டலாம், பேசவும் செய்யலாம். தறி அண்ணன் கத்தியை உருவிட்டாரு. அக்கா கையை நீட்டி தடுத்தாங்க, நெஜமாவே டேபிள் மேல கையை நீட்டி. அப்புறம் அந்த தலைவன் கிட்ட, வார்டுல ஊசி போட மாட்டேன்னு அடம் பிடிக்கற பையன் கிட்ட பேசற அதே குரல்ல, "சாப்டியாப்பா நீ? யாரு உன்னை இப்படி பேசுனது?"ன்னு ஆரம்பிச்சாங்க. இருபது நிமிஷம். அவன் அழுதான் (நான்தான் அழுதேன்). உள்ள எது எங்க இருக்குன்னு எல்லாத்தையும் சொல்லிட்டான். அந்த இருபது நிமிஷமும் யார் போனும் டேபிள் மேல வரல. புக் முடிவாச்சு.

இப்ப எப்படி போகுது

17 செஷன் ஆச்சு, அஞ்சாவது தளத்துல இருக்கோம். ரெண்டு பேர் வந்தா கூட ஆடறோம், தளத்துக்குள்ள போகாம ஊர்ல ஏதாவது. எட்டு மணிக்கு என் போன்ல அலாரம் அடிக்கும், எங்க இருந்தாலும் திரும்பணும், எட்டரைக்கு எல்லாரும் ஒட்டாரில. வராதவங்களுக்கு ஊர்ல ஒரு வேலை உண்டு: அண்ணனோட ஃபைட்டர் மர மில்லுல லோடு ஏத்துவாரு, அக்காவோட கிளெரிக் அந்த ஊர் டான்ஃப்ளவர் லைப்ரரில இருப்பாங்க, தம்பியோட விஸார்ட் ரின் நடத்தற விசித்திரச் சாமான் கடையில. திரும்பி வந்தா அந்த வேலையில கேட்ட ஒரு சேதியை அவங்களே டேபிள்ல சொல்லணும், இது அண்ணன் கொண்டு வந்த பழக்கம், லீவு போட்டவங்க தலை குனிஞ்சுக்கிட்டு வர்றது இதனால போயிருச்சு.

எல்லாம் சரியா போகுதுன்னு இல்ல. தினம் வீட்டுக்கு வந்து தூங்கினா விஸார்டுக்கு ஸ்பெல் எல்லாம் மறுபடி முழுசா வந்துரும், கிளெரிக்குக்கும் அப்படித்தான், அதனால ஒவ்வொரு செஷனும் முழு பலத்தோட இறங்கறாங்க, மூணாவது தளம் சண்டையெல்லாம் ரொம்ப லேசா போச்சு. டஞ்சனோட பயமே கையிருப்பு கரையறதுதானே. அதுக்கு நான் பண்ணினது, அவங்க வெளிய போன ஒவ்வொரு தடவையும் தளத்துல ஒரு விஷயத்தை மாத்தி வச்சேன், திறந்து விட்டுட்டுப் போன கதவு உள்பக்கமா அடைச்சிருக்கும், கொல்லாம விட்ட ஒருத்தன் ஆள் கூட்டிட்டு வந்திருப்பான். நாலாவதுல கொலுசுப் பட்டறைக்காரரோட ரோக் சாகறதுக்கு ஒரு உருட்டுதான் பாக்கி. அதுக்கப்புறம் எட்டு மணி அலாரம் அடிச்சா எல்லாரும் பதறி எழுந்திரிக்கறாங்க, எனக்கு அது ரொம்ப சந்தோஷம்.

இன்னொண்ணு, தறி அண்ணனுக்கு காடு மேடுன்னு சுத்தணும். நாலு சுவத்துக்குள்ளயே இருந்தா அவருக்கு தறிக்கூடம் ஞாபகம் வருதாம். அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவ நாங்க எல்லாரும் ஏற்காடு ஏறிடறோம், மாப்ள குவார்ட்டர்ஸ்ல ராத்தங்கல், அன்னிக்கு மட்டும் டஞ்சன் கிடையாது, சதுப்பு நிலம், மலைக்காடு, அலாரமும் கிடையாது. போன தடவ டோக்கன் டப்பாவை, மேப்புல பூதங்களுக்கு பதிலா வைக்கற வில்லைங்களை, நான் சேலத்துலயே மறந்துட்டுப் போயிட்டேன். மாப்ள உள்ள போய் ரெண்டு கிண்ணம் எடுத்துட்டு வந்தான், ஒண்ணுல காய்ஞ்ச காபிக்கொட்டை, ஒண்ணுல மிளகு. கொட்டை பெரிய பூதம், மிளகு குட்டிங்க. செத்தா எடுத்து டம்ளர்ல போடணும். விடியக்காலை மூணு மணி வரைக்கும் ஆடினோம், வெளிய பனில சில்வர் ஓக் மரம் கூட தெரியல, காத்து அடிச்சா மிளகு உருண்டு மேப்புல இடம் மாறிரும், அது அதுவா நகர்ந்துச்சுன்னு வச்சுக்கிட்டு ஆடினோம். இப்ப சேலத்துலயும் மிளகுதான், டோக்கன் டப்பாவை யாரும் கேக்கறதில்ல.

தம்பிக்கு சென்னைல வேலை கிடைச்சிருச்சு, ஜூன்ல போறான். போன வாரம் செஷன் முடிஞ்சு எல்லாரும் செருப்பு மாட்டற நேரத்துல என்கிட்ட வந்து, "அண்ணா, என் விஸார்டை சாகடிச்சிராதீங்க, அந்த ரின் கடையிலயே பார்ட்னரா விட்டுருங்க, நான் பொங்கலுக்கு வருவேன்"னான். கடைக்கு ஒரு சாவி அவன் கேரக்டர் ஷீட்லயே எழுதிக் குடுத்துட்டேன். ஷீட்டு இப்ப பீரோ மேல இருக்கு, பழைய சல்ட் மேப்புக்கு பக்கத்துல.